மீட்டருக்குப் பதினைந்தரை

எங்கள் டியூட்டோரியலில் வேலையை விட்டுப் போகிறவர் யாரானாலும் ‘ரிட்டயர்’ ஆகிறார் என்றுதான் சொல்வார்கள். நாற்பது வருடம் பிசிக்ஸ் எடுத்த சாருக்கும் பொன்னாடை. ஆறு மாதம் ஆங்கிலம் எடுத்துவிட்டுக் கல்யாணமாகிப் போன டீச்சருக்கும் பொன்னாடை. போன மாதம் எனக்குப் போர்த்தினார்கள். எனக்கு வயது முப்பத்து மூன்று. மலைப்பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியர் வேலை கிடைத்திருக்கிறது. ஒன்பது வருடம் ஏறி இறங்கிய மாடிப்படியில் பொன்னாடையோடு இறங்கியபோது, கீழே பாத்திரக்கடைக்காரர், “என்ன சார், கல்யாணமா?” என்றார். “ரிட்டயர்மென்ட்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. அனுதாபமாகத் தலையை ஆட்டினார்.

இதை எழுதக் காரணம் அருணும் ஷாஹினாவும். எனக்குப் பிறகு பிளஸ் ஒன் கணக்கை அவர்கள்தான் எடுக்கப் போகிறார்கள். இப்போது வருகிற பிள்ளைகள் போனிலேயே பாடத்தை இரட்டை வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு வருகிறார்கள். செக் என்றால் ஒன் பை காஸ், கோசெக் என்றால் ஒன் பை சைன், காட் என்றால் ஒன் பை டேன் என்று மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்கள். “பிறகு எதுக்கு சார் வட்டம் வரைஞ்சு நாலு நாள் வீணாக்கணும்? நேரே கணக்குக்குப் போயிடலாமே?” என்று ஷாஹினா கேட்டாள். பொன்னாடை விழாவின் சத்தத்தில் எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. சுடலைமுத்து அண்ணாச்சியைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். அதை இங்கே எழுதுகிறேன்.

என் அப்பா திருவனந்தபுரத்தில் சாலைக் கம்போளம் என்கிற பெரிய சந்தையில் அரிசி மூட்டை இறக்குகிறவர். அம்மா அங்கேயே ஒரு பருப்புக் கடையில் கல் பொறுக்குகிறவர். இருவரும் பள்ளிக்கூட வாசல் மிதித்ததில்லை. நான் பத்தாவது வரை அங்கேயே தமிழ் மீடியம். பிளஸ் ஒன்னில் எல்லாம் மாறிப்போயிற்று. வகுப்பில் மலையாளம், புத்தகத்தில் ஆங்கிலம், என் தலைக்குள் தமிழ். ஒரு வருடம் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு எப்படியோ பி.எஸ்ஸி., பி.எட். என்று தேறி வந்துவிட்டேன். அந்தக் கதை வேண்டாம், நீளும்.

டியூட்டோரியலில் சேர்ந்த பிறகு அம்மா ஒருநாள் கேட்டார்: “அங்க நீ என்னதான்டா சொல்லிக் குடுக்கே?”

“வட்டம்மா.”

ஒன்பதாவது வருடத்திலும் அதே கேள்வி, அதே பதில். “இன்னும் அந்த வட்டம் முடியலியா?” என்றார்.

டியூட்டோரியலை நடத்துகிறவர் சாந்தகுமாரி டீச்சர். அவர் வகுப்புக்குள் வரவே மாட்டார். வராந்தாவில், ஜன்னல் கம்பியில் ஒரு விரலை மாட்டிக்கொண்டு நிற்பார். நாம் அவரைப் பார்க்கக்கூடாது, பார்த்தால் நகர்ந்துவிடுவார். வகுப்பு முடிந்து வெளியே வந்ததும் ஒரே கேள்விதான். “இன்னு ஆர்க்கா தெற்றியது?” இன்றைக்கு யாருக்குத் தப்பாகப் போனது என்று.

முதல் வாரத்தில் நான் பெருமையாக, “ஆர்க்கும் இல்லா டீச்சரே” என்றேன்.

“எங்கில் நீ படிப்பிச்சிட்டில்லா மோனே,” என்றார். அப்படியானால் நீ பாடமே நடத்தவில்லை என்று அர்த்தம். சொல்லிவிட்டு அடுத்த ஜன்னலுக்குப் போய்விட்டார்.

அலுவலக மேசையில் நீளமான பழைய நோட்டு ஒன்று கிடக்கும். தெற்று நோட்டு. வீட்டுக்குப் போகுமுன் ஒவ்வொரு ஆசிரியரும் அன்றைக்கு வகுப்பில் நடந்த ஒரு தப்பை அதில் எழுத வேண்டும். மாணவர் எப்படி எழுதினாரோ அப்படியே. பக்கத்தில் சரியான விடையை எழுதக்கூடாது. அதை எழுதிவிட்டால் நம் மனது அமைதியாகிவிடும், தப்பை மறுபடி பார்க்காது என்பது டீச்சரின் கருத்து. மறுநாள் வகுப்பை அந்தத் தப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஒரே ஆளிடமிருந்து ஒரே தப்பு மூன்று முறை நோட்டில் ஏறினால், அந்த ஆளுக்கு டீச்சரே பாடம் எடுப்பார். யாரையும் திட்டியதில்லை. ஆனால் அப்படி மாணவரை இழந்த ஆசிரியர்கள் ஒரு வாரத்துக்கு வராந்தாவில் தலைநிமிர்ந்து நடக்க மாட்டார்கள்.

நான் எழுதிய முதல் தப்பு: ‘செக் = ஒன் பை சைன்.’ இரண்டும் ‘ச’வில் தொடங்குகிறதே என்று ஒரு பெண் எழுதியது. கோசெக்கும் காஸும் ‘க’வில் தொடங்குவதால் அவை ஒரு ஜோடி. பழைய பக்கங்களைப் புரட்டினேன். வெவ்வேறு கையெழுத்துகளில் வருடாவருடம் அதே தப்பு. பெயர் ஒலிக்கிற மாதிரி பிள்ளைகள் ஜோடி சேர்க்கிறார்கள். அவர்கள் கையில் பெயரைத் தவிர வேறு எதுவும் நாம் கொடுக்கவில்லையே.

அதனால்தான் வட்டம். நாற்பது சென்டிமீட்டர் நூல், இரண்டு முனையிலும் கண்ணி. ஒரு கண்ணியில் கட்டைவிரல், மறு கண்ணியில் சாக்பீஸ். போர்டின் இடது பாதியில் வட்டம் போட்டால் வாரம் முழுக்க அழிக்கக்கூடாது. அந்த நாற்பது சென்டிமீட்டருக்கு ‘ஒன்று’ என்று பெயர். முதல் நாள் சைன், காஸ் என்ற வார்த்தையே கிடையாது. மையத்தின் வலப்பக்கம் வட்டத்தின் மேல் ஒரு புள்ளி; அது மேலே ஏறி நடக்கிறது. எவ்வளவு உயரம் ஏறியது, மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது, இரண்டை மட்டும் அளக்க வேண்டும். உயரத்துக்குச் சைன் என்றும் தள்ளி நிற்பதற்குக் காஸ் என்றும் இரண்டாம் நாள்தான் பெயர் வைப்பேன். இதுவரை எல்லோருக்கும் புரியும். தலைவலி மூன்றாம் நாள், தலைகீழிகளில், அந்த ‘ஒன் பை’ சமாச்சாரத்தில்.

அண்ணாச்சி வந்தது என்னுடைய நான்காவது வருடத்தில். பாலிடெக்னிக் அரியர் வைத்திருப்பவர்களுக்காக மாலை ஐந்தரைக்கு ஒரு பேட்ச் உண்டு. எல்லாம் இருபது வயதுப் பையன்கள். கடைசிப் பெஞ்சில் நாற்பத்து மூன்று வயதில் ஒருவர், மடியில் டிபன் பாக்ஸோடு. வள்ளியூர்ப் பக்கம் சொந்த ஊர். இங்கே வந்து இருபது வருடம். மொட்டை மாடிகளின் மேல் இரும்புச் சட்டம் அடித்துக் கூரை போடுகிற ட்ரஸ் வேலை. ஒரு பட்டறையில் தலைமை வெல்டர்.

“இங்க வந்த புதுசுல படிச்ச பழைய டிப்ளமா சார். எல்லாம் பாஸ், கணக்கு மட்டும் மிச்சம். இப்ப மெர்சி சான்ஸ் விட்டுருக்கான்,” என்றார். பல வருடங்களுக்கு முன் தோற்றவர்களுக்குக் கருணையாகக் கொடுக்கிற கடைசி வாய்ப்பைத்தான் இங்கே மெர்சி சான்ஸ் என்பார்கள். இதிலும் போனால் அந்த டிப்ளமா அவ்வளவுதான்.

“இத்தனை வருசம் கழிச்சு எதுக்கு அண்ணாச்சி?”

கண்ணாடியைக் கழற்றினார். இமையோரம் சிவந்திருந்தது. “கண்ணு போயிட்டிருக்கு சார். இனி வெல்டிங் தீயப் பாக்கக் கூடாதுன்னுட்டாரு டாக்டர். பட்டறையில சைட் சூப்பர்வைசர் வேல ஒண்ணு இருக்கு. மொதலாளி எனக்குன்னு பிடிச்சு வச்சிருக்காரு. டிப்ளமா இல்லாம தர மாட்டாரு. ரிசல்ட் வார வரைக்கும் பாக்கேன்னாரு. அதுக்கு மேல அவரு என்ன செய்வாரு?”

தேர்வுக்கு ஏழு வாரம் இருந்தது.

“மலையாளத்துல எடுக்கட்டுமா, தமிழ்லயா?”

“பேசிப் பழகுனது மலையாளம், எண்ணிப் பழகுனது தமிழு. கணக்கத் தமிழ்ல சொன்னாத்தான் சார் ஏறும். அன்னைக்குக் காலேஜ்ல ஒரு சாரு, ‘இனி சைனின்றெ விபரீதம்’னாரு. சைனுக்கு என்ன ஆச்சோன்னு நான் பயந்துட்டேன்.”

எதிர்மாறு என்பதற்கு மலையாளத்தில் விபரீதம் என்பார்கள். முன் பெஞ்சுப் பையன்கள் சிரித்தார்கள். அண்ணாச்சியும் சேர்ந்து சிரித்தார். எனக்கு அன்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். பத்தாவதோடு விட்டுப்போன தமிழ்க் கணக்குச் சொற்களை எடுத்துப் பேச ஒரு ஆள் கிடைத்துவிட்டார். ‘தலைகீழி’ என்று போர்டில் எழுதியபோது நெஞ்சே நிமிர்ந்தது. “சைனைத் தலைகீழாப் போட்டா கோசெக், காஸைத் தலைகீழாப் போட்டா செக், டேனைத் தலைகீழாப் போட்டா காட். அவ்வளவுதான் அண்ணாச்சி.”

மறுநாள் ஒரு கணக்குக் கொடுத்தேன். சைன் முப்பது அரை. கோசெக் முப்பது என்ன? பையன்கள் இரண்டு என்று எழுதினார்கள். அண்ணாச்சி மைனஸ் அரை என்று எழுதியிருந்தார்.

நோட்டில் ஏற்றினேன். மறுநாள் போர்டுக்குக் கூப்பிட்டேன்.

“இந்த மைனஸ் எங்கேர்ந்து வந்தது?”

“நீங்கதான சார் சொன்னீங்க, தலைகீழாப் போடுன்னு?” சாக்பீஸை வாங்கி வட்டத்துக்குப் போனார். முப்பது டிகிரியில் நின்ற புள்ளியைத் தொட்டார். அங்கிருந்து நேர் கீழே கோடு இழுத்து, வட்டத்தின் அடிப்பாதியில் இன்னொரு புள்ளி வைத்தார். “மேல இருந்தத கீழ போட்டாச்சு. உசரம் அரைன்னா இது பள்ளம் அரை. செரிதான?”

தலைகீழ் என்றால் யாரும் அதைத்தான் செய்வார்கள். தலைகீழிக்கு மலையாளத்தில் வியுல்க்ரமம் என்பேன்; அந்தச் சொல் மலையாளப் பையன்களுக்கு எந்தப் படத்தையும் காட்டவில்லை, அதனால் சொன்னதை மனப்பாடம் செய்து தப்பித்தார்கள். அண்ணாச்சிக்குச் சொல் புரிந்தது. புரிந்ததால் தப்பாகப் போனது.

“தலைகீழ்னா புள்ளியை இல்ல அண்ணாச்சி, எண்ணை. ஒன் பை அரை. ரெண்டு.”

“செரி சார்,” என்றார். அந்தச் ‘செரி’யில் ஒன்றுமே இல்லை. இரண்டு நாள் கழித்து மறுபடி மைனஸ் அரை. அடுத்த வாரம் செக் அறுபதுக்கும் மைனஸ் அரை. புள்ளியை இந்தமுறை கீழே தள்ளுவதற்குப் பதில் இடப்பக்கம் தள்ளியிருந்தார். மூன்றாவது தடவையாக நோட்டில் எழுதிவிட்டு நிமிர்ந்தபோது டீச்சர் எதிரே நின்றார்.

“மூணு ஆயி, அல்லே?”

“ஆமாம் டீச்சரே.”

“இனி ஞான் எடுக்கட்டெ?”

அவர் எடுத்தால் தவறில்லை. ஆனால் அண்ணாச்சிக்கு மலையாளத்தில் எடுப்பார். “ஒரு ஆழ்ச்ச கூடி தரணும் டீச்சரே,” என்று ஒரு வாரம் கேட்டேன். நோட்டை மூடிவிட்டு, “பரீட்சைக்கு அஞ்சு ஆழ்ச்சயே உள்ளூ,” என்றார். ஐந்து வாரம்தான் இருக்கிறது. சம்மதம் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை.

மறுநாள் வகுப்புக்கு முன் வராந்தாவில் அண்ணாச்சி போனில் கத்திக்கொண்டிருந்தார். சைட்டில் நிற்கும் ஒரு வெல்டரோடு.

“ஏலே, எத்தன டிகிரி சரிவு? முப்பதா? முப்பதுன்னா மீட்டருக்குப் பதினஞ்சரை கூட்டுலே! எத்தன தடவ சொல்லுதேன்... இருவதுக்குத்தாம்லே ஆறரை. நீ எல்லாத்துக்கும் ஆறரையக் கூட்டி வெட்டுனா சட்டம் குட்டையாப் போயி அந்தரத்துல தொங்கும், நீயும் சேந்து தொங்கு... ஆங், பதினஞ்சரை. வைய்யி.”

நான் படியருகிலேயே நின்றுவிட்டேன்.

“அது என்ன அண்ணாச்சி, பதினஞ்சரை?”

“அதுவா? சாய்வுச் சட்டம் வெட்டுத கணக்கு சார். ஓரத்துச் செவுத்துலேர்ந்து நடு முகடு வரைக்கும் தரையோட தூரம் இத்தன மீட்டர்னு டிராயிங்ல இருக்கும். சட்டம் சாஞ்சுல்லா போவுது? அப்ப நீளம் கூட வேணும்லா? முப்பது டிகிரின்னா ஒவ்வொரு மீட்டருக்கும் பதினஞ்சரை சென்டி கூட்டணும். நாகர்கோயில்ல எனக்கு வேல படிச்சுத் தந்த மேஸ்திரி சொன்னது.”

“நாப்பத்தஞ்சு டிகிரிக்கு?”

“நாப்பத்தொண்ணரை.”

போனை எடுத்துக் கால்குலேட்டரைத் தட்டினேன். காஸ் முப்பது, அதற்கு ஒன் பை. 1.1547. காஸ் நாற்பத்தைந்துக்கு ஒன் பை. 1.4142. இருபதுக்கு 1.0642. மூன்றும் மேஸ்திரி சொன்ன கணக்குதான்.

“அண்ணாச்சி, உள்ள வாங்க.”

போர்டில் வட்டம் இருந்தது. அதன் வலது ஓரத்தைத் தொட்டபடி, மேலிருந்து கீழாக நேர்க்கோடு ஒன்று இழுத்தேன். “இது சுவர். மையத்திலிருந்து சுவருக்குத் தூரம் எவ்வளவு?”

“வட்டத்தோட ஆரம்தான? ஒண்ணு.”

“இந்த நாப்பது சென்டியை ஒண்ணுன்னு சொல்றதில உங்களுக்குக் குழப்பம் இல்லயே?”

“என்னத்த குழப்பம்? டிராயிங்ல ஒண்ணு, சைட்ல நூறு. தெனம் பாக்கதுதான.”

மையத்திலிருந்து முப்பது டிகிரியில், வட்டத்துப் புள்ளி வழியாகக் கோட்டை நீட்டினேன். வட்டத்தை வெட்டிக்கொண்டு வெளியே போய்ச் சுவரைத் தொட்டது. “தரையில ஒரு மீட்டர் தள்ளிச் சுவர். முப்பது டிகிரியில சட்டம். மையத்திலேர்ந்து சுவர் வரைக்கும் சட்டத்தோட நீளம் சொல்லுங்க.”

“ஒரு மீட்டரும் பதினஞ்சரையும்.”

“அதுதான் செக் முப்பது.”

அண்ணாச்சி போர்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “இதுக்கா சார் ரெண்டு வாரமா என் மண்டைய ஒடச்சீங்க? இது எனக்கு இருவது வருசமாத் தெரியுமே!”

முன் பெஞ்சு கொல்லென்று சிரித்தது. அவர் யாரையும் கவனிக்கவில்லை. போர்டுக்கு அருகே வந்து, வட்டத்துப் புள்ளியில் விரல் வைத்தார். “அப்ப காஸு இதுல என்ன செய்யுது?”

“நீங்களே சொல்லுங்க. சட்டத்து மேல ஒரு மீட்டர் ஏறி இந்தப் புள்ளியில நிக்கீங்க. தரையில எவ்வளவு தள்ளி வந்திருப்பீங்க?”

“எம்பத்தாறு, எம்பத்தேழு சென்டி.”

“அது காஸ். சட்டம் ஒண்ணுன்னா தரை எவ்வளவுன்னு காஸ் கேக்குது.”

அவர் உதட்டுக்குள் முனகினார். விரல் புள்ளியிலிருந்து நகர்ந்து சட்டத்தின் மேல் மெதுவாக ஏறிச் சுவரில் போய் நின்றது. “செக்கு, தரை ஒண்ணுன்னா சட்டம் எவ்வளவுன்னு கேக்குது. சின்ன முக்கோணம், பெரிய முக்கோணம், ரெண்டும் ஒரே சாய்வு. அதனால அதுல ஒண்ணக் காஸால வகுத்தா இதுல செக்கு வருது.” என்னிடம் திரும்பினார். “அப்ப சார், தலைகீழாப் போவது புள்ளி இல்ல. கேள்வி.”

நான் பத்தாவதில் இதே தலைகீழியை மனப்பாடம் செய்தவன். பி.எஸ்ஸி.யில் முதல் வகுப்பு. இப்படி ஒரு வாக்கியம் எனக்குத் தோன்றியதில்லை.

“மைனஸ் அரை எப்படி அண்ணாச்சி?” என்று வேண்டுமென்றே கேட்டேன்.

“வராதே. ஒண்ணுக்குக் கொறஞ்சே வராதுல்லா? சாய்வுன்னு வந்துட்டா சட்டத்துல கூட்டத்தான் செய்வோம். கழிச்சு வெட்டுனவன் எவன்?”

மற்ற இரண்டும் அன்றே முடிந்தது. வட்டத்தின் உச்சியைத் தொட்டுக் குறுக்காக ஒரு கோடு; அது கூரை. முப்பது டிகிரிச் சட்டத்தை இன்னும் நீட்டினால் கூரையைத் தொடும். ஒரு மீட்டர் சட்டத்தில் அரை மீட்டர்தான் ஏறுகிறது. கூரை ஒரு மீட்டர் உயரத்தில். அப்படியானால் சட்டம் இரண்டு மீட்டர். கோசெக் முப்பது இரண்டு. கூரையில் சட்டம் தொட்ட இடம் உச்சியிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அது காட். சுவரில் அது எவ்வளவு உயரத்தில் தொட்டதோ அது டேன். கோசெக், கோடேன்ஜென்ட் என்கிற காட், இந்த ‘கோ’ ஜோடி ஏன் கூரைக்குப் போகிறது என்று ஒரு பையன் கேட்டான். சட்டம் தரையோடு முப்பது டிகிரி என்றால், செங்குத்தோடு அறுபது. தொண்ணூறை நிரப்புகிற அந்தக் கோணத்தின் பக்கம் நின்று பார்த்தால் கூரையே சுவர். அதற்குத்தான் ‘கோ’. பெயரின் முதல் எழுத்தை வைத்து ஜோடி சேர்க்கும் தப்பு அந்தப் பேட்சில் அதன் பிறகு வரவில்லை.

வெளியே வந்தேன். ஜன்னலில் டீச்சரின் விரல்.

“இன்னு ஆர்க்கா தெற்றியது?”

“எனிக்கு, டீச்சரே.”

நோட்டில் எழுதினேன்: ‘தலைகீழி என்று சொல்லிவிட்டு, எது தலைகீழாகிறது என்று சொல்லவில்லை.’ ஆசிரியரின் தப்பு நோட்டில் ஏறியது அதுதான் முதல் தடவை என்று பிறகு தெரிந்தது. டீச்சர் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். தமிழில் எழுதியிருந்ததால் வாசித்துக் காட்டச் சொன்னார். கேட்டுவிட்டு, “கையெழுத்து நன்னாக்கணும்,” என்று மட்டும் சொன்னார். அண்ணாச்சியை என்னிடமிருந்து எடுக்கவில்லை.

ஐந்து வாரம் என்பது போதாத நேரம். சுவரும் கூரையும் அவருக்குப் பிடிபட்டதே தவிர, மீதிப் பாடம் முழுக்க மனப்பாடம்தான். எந்தக் கால்வட்டத்தில் எது பிளஸ், எது மைனஸ் என்பதை ஒரு வாய்ப்பாடாகக் கொடுத்தேன். செக் தொண்ணூறு வந்தால் ‘வரையறுக்கப்படவில்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போங்கள் என்றேன். “ஏன் சார்?” என்றார். “இப்ப ஏன் கேக்காதீங்க அண்ணாச்சி, மார்க் போயிடும்.” அதற்கு மேல் அவர் கேள்வி கேட்கவில்லை.

தேர்வன்று காலையில் பழவங்காடியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, சட்டையெல்லாம் தெறித்த தேங்காய்த் தண்ணீரோடு எனக்கு போன் செய்தார். “செதறிருச்சு சார், நல்லாச் செதறிருச்சு.” மத்தியானம் மறுபடி போன். குரல் கம்மியிருந்தது.

“கோசெக் நூத்தம்பது கேட்டான் சார். அத்தனையும் மறந்துபோச்சு. பேனாவக் கீழ வச்சுட்டேன். வேர்த்துப்போச்சு. பொறவு ஒரு வட்டம் போட்டேன். சட்டம் இடது பக்கமாச் சாயுது. ஆனா கூரை அதே ஒசரத்துலதான இருக்கு? ரெண்டுன்னு எழுதிட்டேன். செரியா சார்?”

“சரி அண்ணாச்சி.”

“பொய் சொல்லாதீங்க.”

“சத்தியமா ரெண்டுதான்.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

இரண்டரை மாதம் கழித்து ஒரு மாலை, ஐந்தரை பேட்ச் முடிந்து பையன்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். எதிரே அண்ணாச்சி ஏறி வந்தார். கையில் ஒரு அச்சுத்தாள். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாதது. அவர் சொல்லுமுன்பே முகத்தில் தெரிந்துவிட்டது. வேண்டியதற்கு மேல் ஏழு மார்க். திங்கட்கிழமை முதல் சூப்பர்வைசர். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. டீச்சர் வராந்தாவிலிருந்து வந்து, “ஜெயிச்சல்லோ!” என்று தோளில் தட்டினார். கேட்டவரையில் யாரையும் அவர் தொட்டுப் பாராட்டியதில்லை.

அண்ணாச்சி கிளம்புவார் என்று நினைத்தேன். கிளம்பவில்லை. கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார்.

“பாஸாயில்லே? பின்னெ எந்தினா இரிக்குந்நே?” என்றார் டீச்சர். பாஸானவர் எதற்கு உட்கார்ந்திருக்கிறார் என்று.

“ஒரு சம்சயம் உண்டு டீச்சரே,” என்று எழுந்து நின்றார். பிறகு என்னிடம் திரும்பினார். “சார், மார்க் போயிடும்னு நீங்க கேக்க விடல. இப்ப மார்க்கு வந்தாச்சு. செக் தொண்ணூறு, வரையறுக்கப்படலன்னு எழுதச் சொன்னீங்க. எழுதுனேன். ஆனா சைட்ல நிக்கும்போதெல்லாம் அந்தச் சட்டத்தையே பாக்கேன் சார். எம்பதுல இருக்கு, எம்பத்தஞ்சுல இருக்கு. தொண்ணூறுல அது எங்க போவுது?”

இந்த ஒன்பது வருடத்தில் தேர்வில் தேறிய பிறகு சந்தேகம் கேட்க வந்தவர் அவர் ஒருவர்தான். அருண், ஷாஹினா, நீங்கள் கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் இந்தச் சாயங்காலம்தான்.

நூலை எடுத்து வட்டம் போட்டேன். சுவரை போர்டின் மேல் விளிம்பு வரைக்கும் இழுத்தேன். போனில் அவரையே தட்டச் சொன்னேன். எண்பத்தொன்பது டிகிரிக்கு ஐம்பத்தேழு வந்தது. “நம்ம ஒண்ணு நாப்பது சென்டி. அப்ப சட்டம் இருவத்து மூணு மீட்டர்,” என்றார். “ஏழு மாடி ஒசரம்.” எண்பத்தொன்பது புள்ளி ஒன்பதுக்கு இருநூற்று முப்பது மீட்டர். இன்னொரு ஒன்பது சேர்த்தார். இரண்டு கிலோமீட்டருக்கு மேல். ஜன்னல் வழியாக, சங்குமுகம் பக்கம் இறங்கிக்கொண்டிருந்த விமானத்தை அண்ணாந்து பார்த்தார். “அது பறக்க ஒசரத்துக்குப் போயிட்டு சார். செவுத்தத் தொட்டுட்டுத்தான் இருக்கு, என்ன?”

“தொட்டுட்டுத்தான் இருக்கு.”

“தொண்ணூறுல?”

“தொண்ணூறுல சட்டம் நேரா நிக்குது, சுவரும் நேரா நிக்குது. ரெண்டுக்கும் நடுவுல எப்பவும் அதே நாப்பது சென்டி. எவ்வளவு நீட்டினாலும் தொடாது. நீளம் சொல்லுன்னா சொல்ல ஒரு எண்ணு கிடையாது.”

அவர் போர்டுக்கு அருகே போனார். கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் பாலராமபுரம் பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. அவர் ஏற வேண்டிய பஸ். “அண்ணாச்சி, பஸ் போயிடும்,” என்றேன்.

அவர் திரும்பவில்லை. உச்சியில் நேராக நின்ற கோட்டைத் தாண்டி, இடப்பக்கம் ஒரு மயிரிழை தள்ளி, வட்டத்தின் மேல் விரல் வைத்திருந்தார்.

“போவட்டும் சார். இப்பத் தொண்ணூத்தொண்ணு போடுங்க.”